முதலில் வாசிப்பவர்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் கையோடு கொண்டுவந்திருப்பது கஞ்சிரா என்ற தாளக்கருவி. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் இதைப் பார்த்திருப்பீர்கள். நான் மேடையேறிய கலைஞன் அல்ல. பள்ளி நாட்களில் நான்கு வருடம் கற்றுக்கொண்டேன். பிறகு வேலை, குடும்பம். ஐம்பது வயதைத் தாண்டிய பின் பரணிலிருந்து இறக்கி, தோலை மாற்றி, மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். வீணை கற்றவர் தனியே உட்கார்ந்து ஒரு கீர்த்தனையைப் பல்லவி முதல் சரணம் வரை வாசித்து மனம் நிறையலாம். கஞ்சிராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாராவது பாட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும். அவருக்குத் துணையாகத்தான் இது பேசும். வாரம் ஒரு நாள் அப்படிச் சேர்ந்து உட்கார எனக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லை.

பிறகு கிடைத்தார்கள், ஊரில் அல்ல, வேறு வேறு கண்டங்களில். இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இசையால் பிழைக்காதவர்கள். பகலெல்லாம் கடையிலோ மருத்துவமனையிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பின் ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்து, நேரில் பார்த்தே இராத ஒருவரோடு சேர்ந்து இசை செய்கிறவர்கள்.

‘சேர்ந்து’ என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது உங்களில் பலர் வீடியோ அழைப்பில் பிறந்தநாள் பாட்டுப் பாடியிருப்பீர்கள். சிலர் பஜனைகூட முயன்றிருப்பீர்கள். என்ன ஆனது? ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் வந்து சேர்ந்தார். எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் காத்து, பாட்டு தேய்ந்து, கடைசியில் ஒருவர் மட்டும் பாட மற்றவர்கள் மைக்கை அணைத்துக்கொண்டு கேட்டீர்கள். உங்கள் கணினியில் கோளாறு இல்லை. இயற்கையின் கணக்கு அது.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் என்றால், பாட்டு மிருதங்கக்காரர் காதை எட்ட 6 மில்லி விநாடி. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த 6ஐ எந்த வித்வானும் உணர்வதில்லை. மேற்கத்திய சிம்ஃபனி மேடையில் பின்வரிசை முரசுக்கும் முன்வரிசை வயலினுக்கும் இடையே 15 மீட்டர் இருந்தால் 44 மில்லி விநாடி ஆகிவிடும். அதனால்தான் அங்கே எல்லோர் கண்ணும் நடத்துநரின் கையில் இருக்கிறது. ஒலி வந்து சேரத் தாமதமாகும், ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருவரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் கைத்தட்டலை மற்றவர் ஹெட்ஃபோனில் கேட்டபடி சேர்ந்து தட்டச் சொன்னார்கள். இடையில் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. தாமதம் சுமார் 11 மில்லி விநாடிக்கு மேல் போனால் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், மெல்லத் தளர்கிறது. அதற்கும் கீழே இருந்தால் ஓட ஆரம்பிக்கிறது. நம் ஆசான்கள் ‘ஓடாதே, இழுக்காதே’ என்று தொடையில் தட்டிச் சொன்னதை இவர்கள் அளந்து காட்டினார்கள். எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், துளியும் தாமதம் இல்லாதிருப்பது நமக்கு உகந்த நிலை அல்ல. நாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பழகிய பிராணிகள். மூன்று நான்கு மீட்டர் தூரம் நம் காதுக்குள் ஊறியிருக்கிறது.

இனி இணையத்துக்கு வருவோம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். போய்ச் சேர 41 மில்லி விநாடி. கடலடிக் கம்பி நேர்கோட்டில் போவதில்லை. வழியில் எத்தனையோ கருவிகள், இரு முனையிலும் கணினிகள். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அதையெல்லாம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த 41 இருக்கும். அதைக் குறைக்க எந்தப் பணத்தாலும் முடியாது. ஒரே நகரத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ இருப்பவர்கள் ஜாக்டிரிப், ஜாமுலஸ், சோனோபஸ் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு, வைஃபையை விட்டுவிட்டுக் கம்பியைச் செருகி, நேரலையாகச் சேர்ந்து வாசிக்கலாம். பலர் வாசிக்கிறார்கள். கண்டம் தாண்டினால் அது நடக்காது.

அப்படியானால் கண்டம் தாண்டியவர்கள் என்ன செய்தார்கள்? தாமதத்தை எதிர்த்துப் போராடுவதை விட்டுவிட்டு அதையே இசைக்குள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வழி கண்டார்கள். முதல் வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதிகம் பேர் அறியாதது.

வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளைப் பழைய கணினிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெல் 2005இல் நின்ஜாம் என்று ஒன்றைச் செய்தார். அதன் யோசனை எளிது. தாமதத்தைக் குறைக்க முடியாதல்லவா? அப்படியானால் கூட்டிவிடுவோம், சரியாக ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று அளவுக்குக் கூட்டிவிடுவோம். நான் இந்த ஆவர்த்தனத்தில் வாசிப்பது அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது அதன் முதல் தட்டில்தான் உங்கள் காதில் விழ ஆரம்பிக்கும். தாளம் தவறாது, ஏனென்றால் முழு ஆவர்த்தனமே தள்ளிப் போயிருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு சுற்று வாசிக்க, கடக்காரர் அடுத்த சுற்றில் பதில் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இங்கே யாரும் நிறுத்துவதில்லை. எல்லோரும் வாசித்துக்கொண்டே, மற்றவர் சற்றுமுன் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர் வாசித்தால் நான்கு பேரும் வேறு வேறு கச்சேரியைக் கேட்கிறார்கள். என் காதில் என் இப்போதும் உங்கள் சற்றுமுன்னும். உங்கள் காதில் உங்கள் இப்போதும் என் சற்றுமுன்னும். நால்வருக்கும் பொதுவான ஒரு இசை எங்கேயும் இல்லை. ஆனாலும் நன்றாக இருக்கிறது. ராகம் சட்டென்று மாறும் பாட்டை இப்படி வாசிக்க முடியாது. ஒரே ராகத்தில் சுற்றிச் சுற்றி வரும் இசைக்கு இது பொருந்தும்.

இரண்டாவது வழிதான் பெரிய வழி. வீடுகளுக்கு இணையம் வரும் முன்பே அது இருந்தது. 1980களிலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் இசை பதிவு செய்பவர்கள் கேசட்டைத் தபாலில் அனுப்பி, வாங்கியவர் மேலும் சேர்த்துத் திருப்பி அனுப்பும் பழக்கம் இருந்தது. 2003இல் வந்த ‘கிவ் அப்’ என்ற ஆல்பம் அப்படிப் பிறந்தது. சியாட்டிலில் ஒருவர், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர். இருவரும் தபாலில் பதிவுகளை அனுப்பி அனுப்பிச் செய்ததால் தங்கள் குழுவுக்கே தபால் சேவை என்று பொருள்படும் ‘தி போஸ்டல் சர்வீஸ்’ என்ற பெயரை வைத்தார்கள். அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். என்றாலும் வேலை செய்த விதம் நம்மைப் போன்றவர்களுடையது.

இணையம் வந்ததும் உடனே எல்லாம் எளிதாகிவிடவில்லை. குறுந்தட்டுத் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 42 மெகாபைட். 1990களின் நடுவில் வீடுகளில் இருந்த 28.8 கிலோபிட் மோடத்தில் அதை அனுப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் லண்டனில் தொடங்கிய ரெஸ் ராக்கெட் என்ற முன்னோடி முயற்சியில் ஒலியை அனுப்பவே இல்லை. 1983இல் வந்த மிடி முறைப்படி, எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு நேரம் அமுக்கினார் என்ற குறிப்பை மட்டும் அனுப்பினார்கள். பாட்டை அனுப்பாமல் ஸ்வரக் குறிப்பை அனுப்புவது போல. எம்பி3 பரவிய பிறகு அதே நான்கு நிமிடப் பாட்டு நான்கு மெகாபைட்டுக்குள் சுருங்கியது, மூன்று மணி நேரம் பதினெட்டு நிமிடம் ஆனது. அப்போதுதான் குரலும் தோலும் நரம்பும் பயணம் செய்யத் தொடங்கின. 2000இல் ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருள் வந்தது. ஸ்டூடியோ என்ற அறை வீட்டு மேசைக்கு இடம் மாறியது.

இன்று வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருவர் டிரம்ஸ் மட்டும் வாசித்து ஏற்றிவைக்கிறார். முதலில் எண்ணிக்கைக்கு நான்கு தட்டு. பிறகு மூன்று நான்கு நிமிடம் வெறும் தாளம். எங்கேயோ ஒரு பாஸ் கிட்டார்காரர் அதை இறக்கி, ஹெட்ஃபோனில் கேட்டபடி தன் பகுதியை வாசித்து, இரண்டையும் சேர்த்து ஏற்றுகிறார். அதன்மேல் ஒரு கீபோர்டு. அதன்மேல் ஒரு குரல். முதல் தட்டுக்கும் கடைசிக் குரலுக்கும் இடையே இரண்டு வருடம்கூட ஓடியிருக்கலாம். அதே டிரம்ஸை வேறொருவர் எடுத்து முற்றிலும் வேறு பாட்டாக்கியிருக்கலாம். ஒரு வேர், பல கிளை. ஜெர்மனியில் 2011இல் தொடங்கிய விக்கிலூப்ஸ் என்ற தளம் இதற்கென்றே இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த பேண்ட்லேப் என்ற செயலி கைபேசியிலேயே இதைச் செய்ய வைத்தது. நம் வீடுகளில் நன்றாகத் தெரிந்தது ஸ்மூல் செயலி. ஒருவர் டூயட்டில் ஆண் குரல் பாதியை மட்டும் பாடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் எழுந்து பார்த்தால் கோலாலம்பூரிலோ கோவையிலோ ஒரு பெண் மறு பாதியைப் பாடி முடித்திருக்கிறார். நம் அத்தைகளும் சித்திகளும் அறுபது வயதில் கண்டெடுத்த இந்தச் சந்தோஷத்தை இளையவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாற்பது வருடம் சமையலறையில் மட்டும் பாடிய குரல் அது.

கைவேலைச் சங்கதிகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், இங்கே பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹெட்ஃபோன் காதில் தளர்வாக இருந்தால் அதன் ஒலி மைக்கில் புகுந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொன்னால் வெளியே யாருக்கும் புரியாது. ஒன்றரைக் கட்டை என்றால் அவர்களுக்கு சி ஷார்ப், ஐந்து கட்டை என்றால் ஜி. பதிவை எம்பி3 ஆக அனுப்பாதீர்கள், வேவ் கோப்பாக அனுப்புங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. சுமார் 25 மில்லி விநாடி. மென்பொருள் அதைக் கழிக்கத் தவறினால், மூன்று கை மாறியபின் 75 ஆகிவிடும். யாரும் தப்பு வாசிக்காமலே எல்லோரும் தாளம் தப்பியது போலக் கேட்கும். இது தெரியாமல் ஒரு மாதம் என் கையையே நான் சந்தேகித்திருக்கிறேன்.

சரி, இதில் சேர்ந்து இசைப்பது எங்கே இருக்கிறது? நான் பல நாள் யோசித்த கேள்வி இது. எனக்குக் கிடைத்த பதில்: யார் யாரைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதை வைத்துத்தான் எந்தக் கூட்டு முயற்சியையும் நான் எடைபோடுகிறேன்.

அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் இணையச் சேர்ந்திசையை எடுத்துக்கொள்வோம். அவருடைய பாட்டொன்றின் ஒரு குரல் பகுதியை மட்டும் பாடி ஓர் இளம்பெண் வீடியோ அனுப்பினார். அதிலிருந்து யோசனை பிறந்தது. 2010இல் முதல் சேர்ந்திசை வந்தது: 12 நாடுகளிலிருந்து 185 பேர். விட்டேக்கர் முழு மௌனத்தில், மனதுக்குள் கேட்ட இசைக்குக் கையசைத்துப் படம் எடுத்தார். பிறகு தன் கையசைவைத் தானே பார்த்துப் பியானோ வாசித்துச் சேர்த்தார். பாடகர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அவரவர் வீட்டில் பாடி அனுப்பினார்கள். 2011இல் 58 நாடுகளிலிருந்து 2,052 பதிவுகள் சேர்ந்தன. 2020இல் 129 நாடுகள், 17,572 பேர்.

அந்த 2020இன் பின்னணியை மறக்கக் கூடாது. அந்த வருடம் மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டது. இருவர் இறந்தார்கள். மூச்சைச் சேர்த்து விடுவதுதான் சேர்ந்து பாடுவது. அந்த மூச்சே ஆபத்தாகிவிட்டது. உலகெங்கும் பாட்டுக் குழுக்கள் அடைத்துப் பூட்டப்பட்ட காலத்தில் 17,572 பேர் ஒரு திரையில் சேர்ந்து பாடியதைப் பார்த்து நான் அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பாடகர்களில் எவரும் இன்னொருவர் பாடி அனுப்பியதைக் கேட்டு அதற்கேற்பப் பாடவில்லை. எல்லோரும் ஒரு கையைப் பார்த்தார்கள், ஒரு பியானோவைக் கேட்டார்கள். சேர்த்தவர் ஒலிப்பொறியாளர். அது தொடுத்த மாலை. பூக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை, நார்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்தது. 2009இல் இஸ்ரேலைச் சேர்ந்த குட்டிமான் என்ற கலைஞர் யூடியூபில் கிடந்த முன்பின் அறியாதவர்களின் வாசிப்புகளை வெட்டி ஒட்டி, ‘த்ரூ யூ’ என்று அற்புதமான பாடல்கள் செய்தார். யார் யாருடைய துணுக்கு என்பதையும் சொன்னார். கேட்டுப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள். ஆனால் அங்கே கேட்டவர் ஒருவர்தான். வாசித்தவர்களுக்குத் தாங்கள் ஒரு குழுவில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

ஒருவர் வாசிப்பின்மேல் ஒருவர் சேர்க்கும் அடுக்கு முறையில் அப்படி இல்லை. இரண்டாமவர் முதலாமவரைக் கேட்கிறார். மூன்றாமவர் இருவரையும். கடைசியில் வருபவர் எல்லோரையும். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் வந்தவரின் மூச்சு, தயக்கம், சிறு தவறு எல்லாவற்றையும் பத்து முறை, இருபது முறை கேட்டுத்தான் தம் கையை எடுத்து வைக்கிறார். மேடையில்கூட ஒருவர் வாசிப்பை மற்றவர் அப்படிக் கேட்பதில்லை. மேடையில் ஒரு முறைதான், அதோடு போயிற்று.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 டிசம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தில் நேதன் எவன்ஸ் என்ற தபால்காரர் ‘வெல்லர்மேன்’ என்ற பழைய பாட்டைத் தனியாக, மேசையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடி டிக்டாக்கில் போட்டார். 19ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்துக் கரையில் திமிங்கிலம் பிடித்தவர்களைப் பற்றிய பாட்டு. உணவும் சரக்கும் கொண்டுவரும் வெல்லர் நிறுவனக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பாட்டு. ஒருவர் அதற்குக் கீழ்ஸ்தாயிக் குரல் சேர்த்தார். அந்த இருவரையும் கேட்டு இன்னொருவர் மேல்குரல். பிறகு வயலின். சில நாட்களில் ஒரு தனிக்குரல் கப்பல் தளம் நிறைய ஆட்களாகிவிட்டது. 2021 மார்ச்சில் அவர் பாடியதன் ரீமிக்ஸ் பிரிட்டனின் பாடல் வரிசையில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் புகழைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அவர் முதலில் பாடிய பதிவைக் கேளுங்கள். ஒற்றைக் குரல், ஒரு தட்டு. அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் முழுக்கக் காலி. அந்தக் காலியிடத்தில்தான் மற்றவர்கள் வந்து நின்றார்கள்.

இப்போது என் கதை. இணையத்தில் நான் முதலில் ஏற்றிய கஞ்சிராப் பதிவுகள் ஆறு. எட்டு மாதம் யாரும் அவற்றைத் தொடவில்லை. பாராட்டு வந்தது, ஆனால் ஒருவரும் மேலே எதுவும் சேர்க்கவில்லை. கற்ற தாளச் சொல்லையெல்லாம் அவற்றில் கொட்டியிருந்தேன். கடைசியில் ஒரு பாஸ் கிட்டார்காரர், எந்த நாட்டுக்காரர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, ஒரு வரி எழுதினார்: வாசிப்பு அழகாக இருக்கிறது, இதில் நான் எங்கே நிற்பது?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆசான் கார்வை என்று ஒன்றைச் சொல்லித்தந்திருந்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வாசிக்காமல் விடும் அளவு. வாசிக்காத இடத்தையும் எண்ணு, அதுவும் வாசிப்புதான் என்பார். சிறுவயதில் அதைக் கணக்காகத்தான் புரிந்துகொண்டேன். கோர்வை என்ற முடிப்புச் சொற்கட்டு சமத்தில் வந்து விழ வேண்டுமானால் கார்வையைச் சரியாக எண்ண வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது வரப்போகிறவருக்கு விடும் இடம் என்று புரிய நாற்பது வருடமும் ஒரு முகம் தெரியாத மனிதரும் தேவைப்பட்டார்கள்.

அடுக்கில் முதலில் வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. இன்னும் வராத, வருவாரா என்றே தெரியாத ஒருவருக்காக அவர் அளவோடு வாசிக்கிறார். மூன்று நிமிடம் ஒரே நடையில், அலங்காரம் இல்லாமல், காலப்பிரமாணம் அசையாமல். அந்த வாசிப்புக்குத் தனியாகக் கைத்தட்டல் கிடைக்காது. பாட்டு முடிந்து கேட்பவர்கள் குரலைப் புகழ்வார்கள், டிரம்பெட்டைப் புகழ்வார்கள். இந்த உலகத்தில் நான் மிகவும் மதிப்பது அந்த முதல் ஆளைத்தான். இசைக் கல்லூரிகளில் இதைத் தனிப் பாடமாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. பத்து நிமிடம் தனி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, மூன்று நிமிடம் இடம்விட்டு வாசிக்கத் தெரிவதில்லை.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. பிறர் வாசித்ததன் மேல் நான் வாசிக்கலாமா? 2001இல் அமெரிக்காவில் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் இதற்கு ஒரு வழி சொன்னது. என் பெயரைச் சொல், எடுத்துக்கொள், மேலே சேர் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவைக்கும் உரிமம். 2004இல் அவர்கள் தொடங்கிய சிசிமிக்ஸ்டர் என்ற தளத்தில் வெறும் குரலை மட்டும் ஏற்றிவைத்தார்கள், மற்றவர்கள் அதற்கு இசை கோத்தார்கள். சினிமாப் பாட்டுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. நாமே செய்த மெட்டுக்கும், காலத்தால் பொதுவாகிவிட்ட பழைய பாட்டுக்கும் உண்டு. யார் வாசித்தார்கள் என்பதை மட்டும் எப்போதும் எழுதுங்கள். கூலி இல்லாத வேலையில் பெயர்தான் கூலி.

இயந்திரம் பற்றிக் கேட்பீர்கள். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாட்டாகவே கொட்டும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பாஸ் கிட்டார் வேண்டுமா, ஒரு நொடியில் கிடைக்கும். பிறகு எதற்கு முகம் தெரியாத ஒருவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? எனக்கு பாஸ் கிட்டார் தேவைப்படவில்லை என்பதுதான் பதில். என் கஞ்சிராவில் இன்னொரு மனிதருக்கு என்ன கேட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறேன். வேலையில் களைத்து வந்த ஒருவர், தன் வீட்டு அறையில், என் மூன்று நிமிடத்தை இருபது முறை கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக வேறெதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்றைக் கேட்கச் செய்யப்போகிறேன். அதற்கு முன்னால் அதன் கதை.

பல்கேரியாவிலிருந்து ஒருவர் அக்கார்டியன் வாசித்து ஏற்றியிருந்தார். அவர்கள் நாட்டு ஆட்ட இசை, ராச்செனிட்சா என்று பெயர். ஏழு எண்ணிக்கை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு என்றால் மிஸ்ரசாபு தாளம் அல்லவா, நமக்குத் தாய்ப்பால் மாதிரி. உடனே உட்கார்ந்து, தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக வாசித்து அனுப்பினேன். எண்ணிக்கை இம்மி பிசகவில்லை. ஒவ்வொரு சமமும் அவருடைய சமத்தில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுத்தே இல்லை, ஒரு சிறு ஒலிப்பதிவு மட்டும். மரத்தரையில் காலால் தட்டியிருந்தார். குட்டை, குட்டை, நீளம். குட்டை, குட்டை, நீளம். இரண்டு, இரண்டு, மூன்று. அவர்கள் ஏழு அப்படி நடக்கிறது. நான் மூன்றில் ஆரம்பித்துவிட்டேன், அவர்கள் மூன்றில் முடிக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இருவரும் எதிரெதிர்த் திசையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் தப்பு என்று சொல்லவில்லை. எழுந்து நின்று, ஷூவைப் போட்டுக்கொண்டு, மைக்கைத் தரைக்கருகே வைத்து, எனக்காக ஒரு நிமிடம் காலால் தட்டியிருக்கிறார்.

அந்த நடை என் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. தக தக தகிட என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு வந்தது, கைக்கு வரவில்லை. பேருந்தில், கடையில், மாடிப்படி ஏறும்போது சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தோலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவி, ஒரே மூச்சில் வாசித்தேன். அதன்மேல் பிரேசிலிலிருந்து ஒரு பல் மருத்துவர் கிளாரினெட் வாசித்துச் சேர்த்தார். அவருக்கு ராச்செனிட்சாவும் தெரியாது, மிஸ்ரசாபுவும் தெரியாது. எங்கள் இருவரையும் கேட்டார், வாசித்தார். நாங்கள் மூவரும் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

தம்பி, ஒலிபெருக்கியை மட்டும் போடுங்கள், என் மைக்கை அணைத்துவிடலாம்.

முதலில் கேட்பது அக்கார்டியன்காரருடைய கால். குட்டை, குட்டை, நீளம். இரண்டு சுற்று. எண்ணிக்கைக்காக அதையே முன்னால் வைத்தோம். இரண்டாவது நிமிடத்தில் எங்கோ ஒரு நாய் குரைக்கும். அது கிளாரினெட்காரர் வீட்டு நாய். நீக்கிவிடலாமா என்று அவர் கேட்டார், இருக்கட்டும் என்று இருவரும் சொன்னோம். முடிவுக்கு முன்னால் எட்டுச் சுற்று அக்கார்டியனும் கஞ்சிராவும் மட்டும் போகும். மேலே ஒன்றும் இருக்காது. நாலாவதாக ஒருவர் வந்தால் அவருக்கு.

(ஒலிப்பதிவு ஒலிக்கிறது.)